மழையில் மலையேறும் சைக்கிளுக்கு என்ன உடுத்துவது? மேட்டுப்பாளையம் – கோத்தகிரி பாதையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

மழையில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "நல்ல ரெயின்கோட் இருக்கா?" என்றுதான். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நவம்பர் காலையில் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது அந்த எண்ணம் மாறியது.

அன்றைக்கு இருசக்கர வாகனத்துக்கு விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டிருந்தேன். ஒரு சொட்டு மழைகூட உள்ளே வரவில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் ஏறி முடித்தபோது உள்ளே பருத்திப் பனியன் பிழிந்தால் ஊற்றும் அளவுக்கு வியர்வையில் ஊறிக் கிடந்தது. டீ குடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். அப்புறம் இறங்க ஆரம்பித்தேன். அரவேணு தாண்டுவதற்குள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பிரேக்கை அழுத்துகிறேன், ஆனால் விரல் அழுத்துகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் வேறு. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தபோது வண்டி நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அன்று புரிந்தது இதுதான்: மலையில் உடுத்த வேண்டியது மழைக்காக இல்லை, இறக்கத்துக்காக. நனையாமல் இருக்க முடியாது. நனைந்தாலும் சூடு குறையாமல் இருக்க முடியும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

முதலில்: உடம்பில் என்ன நடக்கிறது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். ஈரக்காற்று ஆயிரம் மீட்டர் ஏறினால் ஐந்தாறு டிகிரி குளிரும். அதனால் அடிவாரத்தில் 24 டிகிரி என்றால் மேலே 16 டிகிரி. ஊட்டி வரை போனால் 2,240 மீட்டர், இன்னும் குறையும். மழைக்காலக் காலை நேரத்தில் அங்கே 10, 12 டிகிரி சாதாரணம்.

ஏறும்போது இந்தக் குளிர் தெரியாது. மிதிக்கச் செலவாகும் சக்தியில் கால்பங்கு போலத்தான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சம் முழுவதும் சூடாக உடம்பில் தங்குகிறது. மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சூட்டை ஆற்றக் காற்றும் கிடையாது. அதனால்தான் வியர்த்துக் கொட்டுகிறது. இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். கால் சும்மா இருக்கிறது, சூடு அதிகம் உற்பத்தி ஆவதில்லை, காற்றோ 40 கிலோமீட்டர் வேகத்தில் மேலே மோதுகிறது. 10 டிகிரியில் அந்தக் காற்று காய்ந்த தோலுக்கே 6 டிகிரி போல உறைக்கும். ஈரமான உடம்புக்கு அதைவிட மோசம். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும்.

ஆக ஒரே பயணத்துக்கு இரண்டு உடுப்பு வேண்டும். ஏற ஒன்று, இறங்க ஒன்று. இதை ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: எந்த மழை, எந்தப் பக்கம்

நீலகிரியில் மழை இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதிரி நாளில் எந்த உடுப்பும் உதவாது, வீட்டில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அடிக்கும். நாம் ஏறும் பாதை இதுதான். மண் சரிவு எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே வேண்டாம். சாரலும் மஞ்சும் மட்டும் என்றால் மேலே படியுங்கள்.

கிளம்பும்போது ஒரு கணக்கு: வாசலில் நிற்கையில் லேசாகக் குளிர வேண்டும். நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் ஏற்றம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வெந்துபோவீர்கள்.

படி 2: தோலை ஒட்டிய துணி

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இதுதான். கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் பக்கத்திலேயே திருப்பூர். பருத்திப் பனியன் நம் உடம்போடு ஒட்டிப் பிறந்த மாதிரி. வெயிலுக்கு அதைப்போல் வேறு இல்லை. ஆனால் குளிர் மழையில் பருத்தி பகை. தண்ணீரை இழுத்து நூலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. இறக்கத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு, ஈரப்பட்டி போட்ட மாதிரி குளிரும்.

பதிலுக்கு இரண்டு துணிகள் உண்டு. ஒன்று பாலியஸ்டர். அதன் இழைக்குள் ஈரம் அநேகமாகப் போகவே போகாது, இழைகளுக்கு இடையில் மட்டும்தான் நிற்கும், அதனால் சீக்கிரம் காயும். ஒட்டிப் பிடிக்கும் விளையாட்டு பனியன்கள் எல்லா விளையாட்டுக் கடையிலும் கிடைக்கின்றன. இன்னொன்று மெரினோ ஆட்டுக் கம்பளி. இது தன் எடையில் கால்பங்குக்கும் மேல் ஈரத்தை உள்வாங்கியும் தோலில் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் எடுக்காது. விலை அதிகம், மெதுவாகத்தான் காயும். ஒருநாள் பயணத்துக்கு பாலியஸ்டர் போதும். மூன்று நாள் தொடர்ந்து ஓட்டுகிறீர்கள் என்றால் மெரினோவுக்குக் காசு கொடுக்கலாம்.

வீட்டில் இருப்பதைச் சோதிக்க ஒரு வழி. சமையலறைத் தராசில் பனியனை எடை போடுங்கள். வாளியில் முக்கி, கையால் ஓங்கிப் பிழிந்து, திரும்ப எடை போடுங்கள். அப்புறம் மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு மூன்றாவது முறை. பருத்தியையும் பாலியஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்து பார்த்தவர்கள் அப்புறம் பருத்தியைத் தொட மாட்டார்கள். லேபிளில் பாதிப் பருத்தி, பாதி பாலியஸ்டர் என்று இருந்தாலும் வேண்டாம்.

துணி உடம்பை ஒட்டி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். தொளதொளவென்று இருந்தால் வியர்வையை வெளியே கடத்தாது.

படி 3: நடு அடுக்கு

ஏற்றத்துக்கு, உள் பனியன் மேல் சாதாரண சைக்கிள் ஜெர்சி ஒன்று போதும். முழுக்கைச் சட்டைக்குப் பதில் தனியாகக் கழற்றி மாட்டும், சட்டைக் கை மாதிரியான கைக்குழாய்கள் வாங்குங்கள். சூடாக இருந்தால் மணிக்கட்டுக்கு இறக்கிவிடலாம், மேகத்துக்குள் நுழைந்ததும் ஏற்றிவிடலாம். வண்டியை நிறுத்த வேண்டாம்.

மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோல் மென்மையான பாலியஸ்டர் மேல்சட்டை) ஒன்று பையில் இருக்கட்டும். ஏறும்போது அதைப் போட வேண்டாம். ஊட்டிக் கடைத்தெருவில் தொங்கும் கெட்டியான ஸ்வெட்டர் வீதியில் நடக்க நல்லது. சைக்கிளுக்குச் சரிவராது. காற்று ஓட்டை வழியாக நுழையும், நனைந்தால் கனம் தாங்காது.

படி 4: மழை ஜாக்கெட்

கடைக்காரர் சொல்வதை இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழை ஜாக்கெட்டுகள் மூன்று விதம். முதலாவது, காற்றே புகாத பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பூசிய கோட்டு. நான் போட்டிருந்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்து போகிறவருக்குச் சரி, மிதிக்கிறவருக்கு உள்ளேயே மழை. இரண்டாவது, கைப்பிடிக்குள் சுருட்டும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட். சாரலைக் கொஞ்ச நேரம் தாங்கும், விலை குறைவு. மூன்றாவது, ஈரத்தை வெளியே விடும் சவ்வு வைத்த ஜாக்கெட். 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து நுண்துளைச் சவ்வாக்கினார். அதுதான் கோர்டெக்ஸ். மழைத்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி நுழையக்கூடிய துளைகள். இப்போது அதே வேலையைச் செய்யும் பல பெயர்கள் சந்தையில் உண்டு.

லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். 10,000 மில்லிமீட்டர் என்பது, எத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது. மலை மழைக்கு 10,000 போதுமானது. இன்னொன்று கிராமில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது. இது எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. மஞ்சுக்குள் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது நீராவி வெளியே போக இடம் ஏது? ஜாக்கெட்டின் மேல்துணி நனைந்து ஊறிவிட்டால் சவ்வு வேலையை நிறுத்திவிடும். ஏற்றத்தில் வரும் வியர்வைக்கு எந்தச் சவ்வும் ஈடு கொடுக்காது.

அதனால் நான் சவ்வைவிட ஜிப்பைத்தான் அதிகம் பார்க்கிறேன். அக்குளுக்கு அடியில் ஜிப் இருக்கிறதா, முன் ஜிப்பை கீழிருந்தும் திறக்க முடியுமா, முதுகில் காற்றுப் போக மடிப்பு இருக்கிறதா. தூறலில் ஏறும்போது நான் ஜாக்கெட்டே போடுவதில்லை. நனைந்துகொண்டே ஏறுவேன். ஓங்கிப் பெய்தால் மட்டும் போட்டு, ஜிப்பைப் பாதி திறந்து வைப்பேன். எல்லாம் இறக்கத்துக்குத்தான்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது நேராக நின்று கண்ணாடியைப் பார்க்காதீர்கள். இடுப்பை வளைத்து, ஹேண்டில் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிகிறதா? இடுப்புப் பட்டை மேலே ஏறுகிறதா? தெரிந்தால் வேண்டாம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமாகத் தொங்க வேண்டும். தையலைப் புரட்டிப் பார்த்து உள்ளே டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தோளில் தையல் வழியாகவே ஒழுகும். தலைமூடி தேவையில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தால் தலைமூடி திரும்பாது, கண்ணை மறைக்கும். கறுப்பு வேண்டாம். மஞ்சுக்குள் இறங்கும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, எதுவானாலும் பளிச்சென்று இருக்கட்டும்.

அந்த நவம்பர் நாளில் நடுங்கிக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தினேன். அங்கே இலை பறித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் இறுக்கிக் கட்டியிருந்தார், ஏனென்றால் ஈரச் செடி உரசுவது இடுப்புக்குக் கீழேதான். தலைக்குச் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டிருந்தார், அது முதுகுவரை தொங்கியது. கை இரண்டும் வெளியே, அக்குள் பக்கம் முழுவதும் திறப்பு. எந்த இடம் நனையுமோ அதை மூடி, எந்த இடம் வேர்க்குமோ அதைத் திறந்துவிட்ட உடுப்பு. "இப்படி நனைஞ்சுட்டு நிக்காதீங்க தம்பி, உள்ளே போய் துணிய மாத்துங்க" என்றார். ஜாக்கெட் வாங்கப் போகும்போதெல்லாம் அவர் உடுப்பைத்தான் மனதில் வைத்துப் பார்க்கிறேன்.

படி 5: கால்

கால் முழுக்க மழைப் பேன்ட் போடத் தேவையில்லை. வெறும் தோல், துணியைவிடச் சீக்கிரம் காயும். உட்காரும் இடத்தில் பேட் வைத்த சைக்கிள் அரைக்கால் சட்டை, 15 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் முழங்காலை மூடும் குழாய், அவ்வளவுதான். குளிரில் முழங்காலைத் திறந்து போட்டு நாலு மணி நேரம் மிதித்தால் அடுத்த நாள் படியிறங்கும்போது தெரியும். பேட் சட்டைக்குள் ஜட்டி போடக் கூடாது. நனைந்த தையல் உரசித் தொடை புண்ணாகும். உரசும் இடத்தில் வாஸலின் தடவிக்கொள்ளுங்கள்.

தொளதொளப்பான பேன்ட்தான் போடுவேன் என்றால் வலது கால் நுனியைப் பட்டை போட்டுக் கட்டுங்கள், செயினில் மாட்டும்.

படி 6: பாதம், கூடவே மட்கார்டு

பலருக்குத் தெரியாத ஒன்று: உங்களை நனைப்பதில் பெரிய பங்கு வானத்திலிருந்து வருவதில்லை, உங்கள் சக்கரத்திலிருந்தே வருகிறது. பின்சக்கரம் சேற்றுத் தண்ணீரை முதுகில் கோடு போட்டு அடிக்கும், முன்சக்கரம் நேராக ஷூவுக்குள் அடிக்கும். எனவே மட்கார்டையும் உடுப்புக் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஜாக்கெட்டுக்கு முன்னால் அதை மாட்டுங்கள்.

சைக்கிள் ஷூவில் காற்றுக்காக ஓட்டைகள் இருக்கும், அடியிலும் இருக்கும். ஷூவுக்கு மேலே போடும் ரப்பர் உறை நல்லது. ஆனால் காலுக்கும் உறைக்கும் நடுவே தண்ணீர் வழிந்து இறங்கும், மூன்று மணி நேரத்தில் எப்படியும் நனையும். நனைந்த பின் சூடு காப்பதுதான் அதன் வேலை. காசு இல்லையென்றால் மெல்லிய காலுறை, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் ஷூ. பை காற்றைத் தடுத்துவிடும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, அதனால் கெட்டியான, திரும்பத் திரும்பப் பயன்படும் உறையாகக் கொண்டுபோய், அதையே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

படி 7: கை

என் அனுபவத்தில் உயிரைக் காப்பது கையுறைதான். விரல் விறைத்தால் பிரேக் இல்லை. பிரேக் இல்லாத சைக்கிளில் வளைவு வளைவாக இறங்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) வண்டியாக இருந்தால் மழையில் அது ஏற்கெனவே தாமதமாகத்தான் பிடிக்கும்.

இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஏற அரைவிரல் கையுறை. இறங்க முழுவிரல், முடிந்தால் நியோப்ரீன். முக்குளிப்பவர்கள் போடும் அந்த ரப்பர் துணி நனைந்தாலும் சூடு காக்கும். கிடைக்காவிட்டால் மெல்லிய கம்பளிக் கையுறைக்கு மேல், ஒரு அளவு பெரிய ரப்பர் கையுறை, பாத்திரம் கழுவ விற்பது. பார்க்க எப்படி இருந்தாலும் கை மரத்துப்போகாது. எதை வாங்கினாலும் வீட்டில் மாட்டிக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து, பிரேக்கையும் கியரையும் நூறு முறை அழுத்திப் பாருங்கள். கெட்டியான கையுறையில் கியர் பட்டன் தெரியாமல் தடுமாறுவது உண்டு.

படி 8: தலை

ஹெல்மெட்டுக்கு அடியில் முன்பக்கம் நீட்டிய மெல்லிய சைக்கிள் தொப்பி. மழைத்துளி கண்ணில் அடிக்காது. ஹெல்மெட்டின் ஓட்டைகளுக்கு மேல் இறக்கத்தில் மட்டும் ஒரு உறை மாட்டலாம். குரங்குக் குல்லா வேண்டாம், ஹெல்மெட் சரியாக உட்காராது. காதை மூடும் துணிப்பட்டி போதும். கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும்.

படி 9: உச்சியில் என்ன செய்ய வேண்டும்

1988 ஜூன் 5 அன்று ஜிரோ தி இத்தாலியா என்ற பெரிய சைக்கிள் பந்தயம், இத்தாலியின் காவியா கணவாயைப் பனிப்புயலில் கடந்தது. காவியா சுமார் 2,620 மீட்டர், நம் தொட்டபெட்டா அளவு உயரம். முதலில் உச்சியைத் தொட்டவர் நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டையில் ஏறியிருந்தார். இறக்கத்தில் குளிர் தாங்காமல் ஒதுங்கி, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் இழந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ஸ்டனின் அணி, பனிச்சறுக்குக் கடைகளில் கதகதப்பான உடுப்புகளை முன்கூட்டியே வாங்கி, மேலே கொண்டுபோய்க் கொடுத்தது. அன்று இரண்டாவதாக வந்த ஹாம்ஸ்டன், பந்தயத்தில் மொத்தமாக முன்னணியில் இருப்பவருக்குக் கொடுக்கும் தலைமைச் சட்டையைப் போட்டார், அந்த ஜிரோவையும் வென்றார். ஏறியதில் இருவரும் குறைந்தவர்கள் இல்லை. இறங்கும்போது உடம்பில் என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

நமக்கு உடுப்பு நீட்ட அணி இல்லை. அதனால் நாமே சுமக்க வேண்டும். தண்ணீர் புகாத பையில் இந்த வரிசையில் வையுங்கள்: மேலே காய்ந்த உள் பனியன், அடுத்து ஃப்ளீஸ், முழுவிரல் கையுறை, காய்ந்த காலுறை, கடைசியில் ஜாக்கெட்.

கோத்தகிரி வந்ததும் முதலில் துணி, அப்புறம்தான் டீ. ஏறி முடித்த சூடு ஐந்து நிமிடம்கூட நிற்காது, அதற்குள் ஈரப் பனியனைக் கழற்றித் துடைத்து, காய்ந்ததை மாட்ட வேண்டும். கடைக்காரரிடம் கேட்டால் உள்ளே இடம் கொடுப்பார்கள், இதுவரை யாரும் மறுத்ததில்லை. ஃப்ளீஸ் மறந்துவிட்டதா? கடையில் பழைய தினத்தந்தி இருக்கும். நாலைந்து தாளை விரித்து ஜெர்சிக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே, நெஞ்சுக்கு நேராக வையுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியப் பந்தய வீரர்கள் மலையுச்சியில் ரசிகர்களிடம் நாளிதழ் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள். காற்றை அருமையாகத் தடுக்கும்.

இறங்கும் முன், பாதி வழியில், எப்போது வேண்டுமானாலும் ஒரு சோதனை. கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, நடுக்கம் நிற்காவிட்டாலோ வண்டியில் ஏறாதீர்கள். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் மூளையும் சரியாக முடிவெடுக்காது. "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். அந்த நேரத்தில் வரும் பஸ்ஸையோ பால் வண்டியையோ நிறுத்தி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு இறங்குங்கள். குஞ்சப்பனை வந்தாலே காற்று வெதுவெதுப்பாகிவிடும்.

எதை முதலில் வாங்குவது

ஒரேயடியாக எல்லாம் வாங்க முடியாது, எனக்கும் நாலு வருடம் ஆனது. இப்போது தொடங்குகிறவருக்கு என் வரிசை: மட்கார்டு, பாலியஸ்டர் உள் பனியன் இரண்டு, முழுவிரல் கையுறை, தண்ணீர் புகாத பை. அதற்கப்புறம் ஷூ உறை. விலை உயர்ந்த சவ்வு ஜாக்கெட் கடைசி. அதுவரை மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டோடு, நாளிதழோடு ஓட்டலாம்.

வீட்டுக்கு வந்த பின்

அன்றிரவே துவையுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மறுநாள் பூஞ்சைப் புள்ளி விழும். ஜாக்கெட்டுக்குத் துணி மென்மையாக்கும் திரவம் போடக் கூடாது, மேல்துணியில் தண்ணீரை ஓட்டிவிடும் பூச்சு வீணாகும். துவைத்துக் காய்ந்ததும் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி தாமரை இலையில் மாதிரி உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. பரவி ஊறினால், லேபிள் அனுமதித்தால் மட்டும், மேலே ஒரு துணியைப் போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள், பூச்சு கொஞ்சம் உயிர் பெறும். அதற்கும் அசையவில்லை என்றால் தெளிக்கும் பூச்சு தனியாக விற்கிறது.

ஷூவுக்குள் நாளிதழைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டுப் புதுத் தாளைத் திணியுங்கள். நேர் வெயிலில் வைக்க வேண்டாம், ஒட்டியது பெயரும். காலையில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், முன்நுனியில்தான் கடைசி ஈரம் ஒளிந்திருக்கும்.